மவுஸ் ஒரே அழுத்தலில் இரண்டு கிளிக் போட்டால்

புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. நாள் முழுக்க வலது கை மவுஸின் மேல்தான் இருக்கும். அந்த மவுஸின் இடது பட்டன் கெட்டுப்போகத் தொடங்கியபோது, அது டபுள் கிளிக்காக முதலில் தெரியவில்லை. ஒரு படத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் அது கைநழுவி விழும். ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தால், நடுவில் தேர்வு கலைந்து வேறோர் எழுத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். ஒரு கோப்பை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால், வழியில் இருக்கிற மூன்றாவது ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகுதான் ஒரு முறை தொட்டால் கோப்பு தானாகத் திறப்பதும், பிரவுசரில் ஒரு டேப்பை மூடினால் பக்கத்து டேப்பும் சேர்ந்து மூடுவதும் ஆரம்பித்தன.

இந்த வரிசையை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இரண்டு கிளிக் விழுவதை மட்டும்தான் கோளாறாக நினைக்கிறார்கள். இழுக்கும்போது விட்டுப்போவதை அவசரம், கைத்தவறு, கணினி மெதுவாகிவிட்டது என்று ஏதாவது சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே நோய். இழுவை அறுந்துபோவதுதான் ஆபத்தானதும்கூட. கோப்பு இரண்டு முறை திறந்தால் மூடிவிடலாம். தவறான ஃபோல்டரில் விழுந்த கோப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மவுஸின் இடது பட்டனுக்கு நேர் கீழே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். நீளம் சுமார் 13 மில்லிமீட்டர், அகலம் 6 மில்லிமீட்டருக்குள். இதைத்தான் மைக்ரோ ஸ்விட்ச் என்கிறோம். அதன் தலையில் கடுகளவு ஒரு பிளாஸ்டிக் பொத்தான் நீட்டிக்கொண்டிருக்கும். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு மெல்லிய செப்புக்கலவைத் தகடு. அந்தத் தகட்டில் நீளவாக்கில் வெட்டுகள் இருக்கும். நடு நாக்கு மட்டும் வில் மாதிரி வளைந்து ஒரு சிறு பள்ளத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும். நாம் அழுத்தும்போது தகடு மெல்ல மெல்ல இறங்காது. ஓர் எல்லை வரை தாங்கிக்கொண்டு, சட்டென்று புரண்டு கீழே இருக்கிற தொடுமுனையில் போய் அடிக்கும். அந்த ‘டிக்’ சத்தம் அதுதான். 1930களில் வந்த அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை.

உலோகம் உலோகத்தில் அடித்தால் ஒரே அடியில் ஒட்டிக்கொண்டு நிற்காது. துள்ளும். தொட்டு, விட்டு, மறுபடி தொட்டு, ஓரிரு மில்லி விநாடிகளில் அடங்கும். புத்தம் புது ஸ்விட்சிலும் இந்தத் துள்ளல் உண்டு. மவுஸ் செய்பவர்களுக்கும் இது தெரியும். அதனால் மவுஸுக்குள் இருக்கிற சிப், முதல் தொடுதலைக் கண்டதும் சில மில்லி விநாடிகளுக்கு வேறெதையும் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி எழுதப்பட்டிருக்கும். இதற்கு டிபவுன்ஸ் என்று பெயர். துள்ளல் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டால் கணினிக்கு ஒரே ஒரு கிளிக்தான் போய்ச் சேரும்.

தகடு தளர்ந்துபோனாலோ, தொடுமுனை கறுத்துப்போனாலோ துள்ளல் அந்த இடைவெளியைத் தாண்டி நீள்கிறது. அழுத்தும்போது மட்டுமல்ல, விரலை எடுக்கும்போதும் இதேதான். சிப் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது: இரண்டு தொடுதலைப் பார்த்தது, இரண்டு கிளிக் என்று சொல்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போதே தொடுமுனை ஒரு கணம் விட்டுப் பிடித்தால், ‘கையை எடுத்துவிட்டார், மறுபடி அழுத்தினார்’ என்று சொல்கிறது. இழுத்துக்கொண்டிருந்த படம் விழுவது அந்தக் கணத்தில்.

புது மவுஸ் கூடச் சீக்கிரம் இப்படி ஆகிறதே என்று பலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள் உண்டு. இப்போதைய மவுஸ்கள், குறிப்பாக வயர்லெஸ் மவுஸ்கள், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக மிகக் குறைந்த மின்னழுத்தத்திலும் மின்னோட்டத்திலும் ஓடுகின்றன. தொடுமுனையில் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் துளைத்துக்கொண்டு போக ஓரளவு மின்னோட்டம் வேண்டும். அது இல்லாதபோது படலம் சேர்ந்துகொண்டே போகிறது. இன்னொன்று, விளையாட்டுக்கென்று வரும் மவுஸ்களில் கிளிக் உடனே பதிய வேண்டும் என்பதற்காக டிபவுன்ஸ் நேரத்தைக் குறைத்துவைக்கிறார்கள். அதனால் கொஞ்சம் தேய்ந்த ஸ்விட்ச்கூட அங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்டியில் 1 கோடி கிளிக், 2 கோடி, 5 கோடி, 8 கோடி என்று போட்டிருப்பார்கள். நாளுக்கு 5,000 கிளிக் என்று வைத்துக்கொண்டால் 1 கோடிக்கு 2,000 நாள், அதாவது ஐந்து வருடத்துக்கு மேல். ஆனால் அது ஒரே சீரான வேகத்தில், ஒரே அளவு விசையில் இயந்திரம் அழுத்திப் பார்த்த கணக்கு. ஈரம், தூசி, விரல் எண்ணெய், மேலே சொன்ன குறைந்த மின்னோட்டம் எல்லாம் சேர்கிற நம் மேசையில் அந்தக் கணக்கு அப்படியே நடக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, ஸ்விட்ச்தான் என்று எப்படி உறுதிசெய்வது? திருப்புளியை எடுப்பதற்கு முன் செட்டிங்ஸைப் பார்த்துவிட வேண்டும். விண்டோஸில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸுக்குள், ஒரே கிளிக்கில் கோப்பைத் திறக்கும்படி ஒரு தேர்வு இருக்கிறது. லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா என்ற திரைச்சூழலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 6ஆம் பதிப்பு வரும்வரை அதுதான் இயல்பான நடத்தையாக இருந்தது. ‘என் மவுஸ் தானாக டபுள் கிளிக் போடுகிறது’ என்று என்னிடம் வந்த ஒரு நண்பரின் கணினியில் இந்தத் தேர்வு மட்டும்தான் மாறியிருந்தது. மவுஸில் ஒன்றும் இல்லை.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, கருவியே தேவையில்லை. செட்டிங்ஸில் போய் இடது, வலது பட்டன்களின் வேலையை மாற்றிவையுங்கள். இப்போது வலது பட்டன்தான் முதன்மைப் பட்டன். கொஞ்ச நேரம் அதை வைத்து வேலை செய்து பாருங்கள். இழுவை அறாமல், கோப்பு தானாகத் திறக்காமல் எல்லாம் ஒழுங்காக நடந்தால், கோளாறு அந்த இடது பட்டனுக்குக் கீழே இருக்கிற ஸ்விட்சில்தான். வலது பட்டனிலும் அதேபோல நடந்தால் கணினிப் பக்கம் தேட வேண்டும். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. அவசர வேலை நடுவே மவுஸ் கெட்டால், அன்றைய பொழுதை ஓட்ட இதுவே போதும்.

மவுஸை வேறு கணினியில் செருகிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வயர்லெஸ் என்றால் பேட்டரியை மாற்றிப் பார்த்துவிடுங்கள். ரிசீவர் யூஎஸ்பி 3 போர்ட்டுக்கோ வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ ஒட்டி இருந்தால், மவுஸ் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் வரும். ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளிவைக்கலாம். ஆனால் இரைச்சல் பிரச்சினை பெரும்பாலும் அம்புக்குறி திக்கித் திக்கி நகர்வதாகத்தான் தெரியும். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போகிறது, கிளிக் மட்டும்தான் தொல்லை என்றால் ரிசீவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

பெயின்ட் மாதிரி ஏதாவது வரையும் செயலியைத் திறந்து, பட்டனை லேசாக அழுத்திப் பிடித்தபடி வேகமாகச் சுற்றிச் சுற்றிக் கிறுக்குங்கள். நல்ல ஸ்விட்ச் என்றால் கோடு ஒரே இழையாக வரும். கெட்ட ஸ்விட்ச் என்றால் நடுநடுவே வெட்டு விழுந்திருக்கும். ‘லேசாக’ என்பது இங்கே முக்கியம். பட்டனை இறுக்கி அழுத்தினால் தளர்ந்த தகடும் தொடுமுனையில் நன்றாக அமர்ந்துவிடும், கோளாறு ஒளிந்துகொள்ளும். விரலை மிக மெதுவாக எடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான். வேகமாக எடுக்கும்போது வராத இரண்டாவது கிளிக், மெதுவாக எடுக்கும்போது வந்துவிடும்.

எண்ணிக்கையோடு பார்க்க விரும்பினால், இரண்டு கிளிக்குகளுக்கு இடையில் எத்தனை மில்லி விநாடி என்று காட்டும் சோதனைப் பக்கங்கள் பிரவுசரில் கிடைக்கின்றன. லினக்ஸில் ‘இவிடெஸ்ட்’ என்ற கருவி ஒவ்வோர் அழுத்தலையும் விடுவிப்பையும் நேரத்தோடு வரிவரியாக அச்சிடும். என் விரலால் முடிந்த மட்டும் வேகமாகத் தட்டிப் பார்த்தேன். 100ஐ ஒட்டித்தான் வந்தது, 80க்குக் கீழே போகவே இல்லை. ஆனால் ஒரே ஒரு முறை மெதுவாக அழுத்தியபோது விழுந்த இரட்டைக் கிளிக்குகளின் இடைவெளி 20, 35 என்று இருந்தது. மனித விரலால் அது முடியாது.

இந்த எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு என் சித்தப்பாவும் ஒரு காரணம். ஓய்வுபெற்ற பிறகு கணினியில் பழைய குடும்பப் படங்களை வருடவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று அதை விட்டுவிட்டார். கேட்டதற்கு, “கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுப்பா. ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை அமுங்குது. படம் எங்கெங்கேயோ போய் விழுது. இதுக்கு மேல நமக்கு எதுக்கு இதெல்லாம்” என்றார். அவர் சொன்ன அறிகுறி ஒவ்வொன்றும் எனக்கு ஏற்கெனவே பழக்கமானது. சோதனைப் பக்கத்தைத் திறந்து அவரையே அழுத்தச் சொன்னேன். 28 என்று வந்தது. “சித்தப்பா, இப்ப நீங்க வேணும்னே ரெண்டு தடவை வேகமா அமுக்குங்க” என்றேன். 190. “கை நடுங்கினா கூட இந்த வேகத்துல நடுங்க முடியாது சித்தப்பா. இது மவுஸ்.” அவர் அந்த 28ஐயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வலது பட்டனால் ஒரு முறை, இடது பட்டனால் ஒரு முறை என்று மாற்றி மாற்றி அழுத்தி, தானே சரிபார்த்துக்கொண்டார்.

வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். புதிதாகக் கணினி கற்றுக்கொள்கிற பிள்ளைகளும் இப்படித்தான், கருவியின் குறையைத் தங்கள் குறையாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் தாங்களாகவே ஒதுங்கிவிடுவதற்குள் அந்த எண்ணைக் காட்டிவிட வேண்டும்.

இனி வைத்தியம். மென்பொருளால் சரிசெய்யலாமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கன்ட்ரோல் பேனலில் டபுள் கிளிக் வேகத்தை மாற்றச் சொல்லும் ஆலோசனை எங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது வேலைக்கு ஆகாது. விண்டோஸில் அதன் இயல்பான அளவு 500 மில்லி விநாடி. எவ்வளவு குறைத்தாலும் 200க்குக் கீழே போகாது. நம் கோளாறு நடப்பது 20, 30 மில்லி விநாடியில். அதாவது அந்தச் செட்டிங் எட்டவே முடியாத இடத்தில். குறைத்துவைத்தால் நாம் வேண்டுமென்று போடும் டபுள் கிளிக்தான் பதியாமல் போகும். சித்தப்பா மாதிரி நிதானமாக அழுத்துகிறவர்களுக்கு அது இன்னொரு தொல்லை.

சில மவுஸ்களோடு வரும் மென்பொருளிலேயே டிபவுன்ஸ் நேரத்தைக் கூட்டும் வசதி இருக்கும். இருந்தால் முதலில் அதைக் கூட்டிப் பாருங்கள். மவுஸின் உள்ளேயே நடப்பதால் இதுதான் சுத்தமான வழி. அது இல்லாதவர்கள் விண்டோஸில் ஆட்டோஹாட்கீ மாதிரியான கருவியில் ஒரு சிறு நிரல் எழுதி, முந்தைய கிளிக்கிலிருந்து 60 அல்லது 80 மில்லி விநாடிக்குள் வரும் அடுத்த அழுத்தலைத் தூக்கிப்போடும்படி செய்கிறார்கள். நானும் இதை வைத்து ஓட்டியிருக்கிறேன். இரட்டைக் கிளிக் நிற்கும். ஆனால் இழுவைப் பிரச்சினை இதனால் கூடிவிடும். யோசித்துப் பாருங்கள்: இழுக்கும்போது தொடுமுனை ஒரு கணம் விட்டுப் பிடிக்கிறது. கணினிக்கு முதலில் ‘விட்டுவிட்டார்’ என்று செய்தி வருகிறது, படம் விழுந்துவிடுகிறது. அடுத்து வரும் ‘அழுத்தினார்’ என்ற செய்தியை நம் நிரல் தூக்கிப்போட்டுவிடுகிறது. முன்பாவது மறுபடி பிடித்துக்கொண்டது, இப்போது அதுவும் இல்லை. இழுவையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ‘விட்டுவிட்டார்’ என்ற செய்தியைத்தான் கொஞ்சம் தாமதப்படுத்தி, உண்மையிலேயே விட்டாரா என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் லிபின்புட் என்ற மென்பொருள் நூலகம் இந்த இரண்டாவது வழியையும் வைத்திருக்கிறது. ஒரு மவுஸ் இப்படி நடந்துகொள்வதைக் கண்டால் தானாகவே அதை இயக்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. என்றாலும், தகடு மேலும் தளரத் தளர எந்த மென்பொருளும் ஒரு நாள் தோற்றுவிடும்.

கழற்றாமல் செய்யும் கைவைத்தியங்களும் உண்டு. மவுஸை அணைத்துவிட்டு பட்டனைப் படபடவென்று பல தடவை அழுத்துவது அதில் ஒன்று. தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும் என்று விளக்கம் சொல்வார்கள். உண்மையில் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உரசி அழுக்கு கொஞ்சம் விலகுவதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சில சமயம் சில நாட்களுக்குப் பலன் தரும், அவ்வளவுதான். பட்டன் இடுக்கில் கிடைத்த எண்ணெய் ஸ்பிரேயை அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். துருவுக்கு அடிக்கிற சாதாரண ஸ்பிரே எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதில் தூசி ஒட்டி நிலைமை மோசமாகும். அடிப்பதென்றால் மின்தொடுமுனைகளுக்கென்றே விற்கிற கான்டாக்ட் கிளீனர், அதுவும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கேபிளை உருவிவிட்டு.

வாரன்டி பாக்கி இருக்கிறதா என்று இந்த இடத்தில் பாருங்கள். இருந்தால் கழற்றாதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். கிறுக்கிய கோடு அறுந்திருப்பதையும் மில்லி விநாடி எண்ணையும் வீடியோவாக எடுத்து அனுப்பினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

வாரன்டி முடிந்த மவுஸ் என்றால் தாராளமாகத் திறக்கலாம். ஸ்க்ரூக்கள் கண்ணுக்குத் தெரியாது. அடியில் ஒட்டியிருக்கிற வழுக்குப் பட்டைகளுக்குக் கீழேயும் ஸ்டிக்கருக்குக் கீழேயும் ஒளிந்திருக்கும். ஸ்டிக்கரை விரலால் அழுத்தித் தடவினால் பள்ளம் தட்டுப்படும். பட்டைகளைக் கத்தியால் நெம்பினால் மடிந்துபோகும். மடிந்த பட்டை அப்புறம் வழுக்காது. முடி உலர்த்தியால் கொஞ்சம் சூடு காட்டினால் பசை இளகி முழுசாக வரும். மேல் ஓட்டைத் தூக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். பல மவுஸ்களில் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையில் காகிதம் போல மெல்லிய ஒரு ரிப்பன் கேபிள் இருக்கும், கிழிந்தால் மவுஸ் போச்சு. உள்ளே சார்ஜ் ஏறும் பேட்டரி இருந்தால் முதலில் அதன் இணைப்பை எடுத்துவிடுங்கள், கூர்மையான எதையும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது பூட்டும்போது பெரிய உதவி.

இங்கிருந்து இரண்டு வழி. சால்டரிங், அதாவது உலோகத்தை உருக்கிப் பற்றவைப்பது, தெரியாதவர்களுக்கு, ஸ்விட்சைச் சர்க்யூட் பலகையிலேயே விட்டு அதன் மூடியை மட்டும் திறக்கும் வழி. பக்கவாட்டில் மூடியைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கிகளை மெல்லிய பிளேடால் இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பினால் மூடி எழும்பும். வெள்ளைத் தட்டு ஒன்றுக்குள் வைத்து இதைச் செய்யுங்கள். மூடியோடு வரும் அந்தக் கடுகளவுப் பொத்தான் துள்ளிப் போனால் கிடைக்காது. தகட்டின் நுனியில் தொடுமுனை கறுத்திருப்பது நல்ல வெளிச்சத்தில் தெரியும். ஒரு துண்டு காகிதத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு தொடுமுனைகளுக்கும் நடுவில் விட்டு, தகட்டை லேசாக அழுத்தியபடி உருவினால் காகிதத்தில் சாம்பல் நிறக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை செய்யலாம். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

தளர்ந்த தகட்டை மறுபடி விறைப்பாக்கவும் முடியும். வளைந்த நடு நாக்கைப் பள்ளத்திலிருந்து ஊசி முனையால் விடுவித்து, இன்னும் ஒரு துளி வளைத்து, திரும்ப மாட்ட வேண்டும். சொல்வதற்கு ஒரு வாக்கியம்தான். செய்வதற்கு உருப்பெருக்கியும் நிறையப் பொறுமையும் வேண்டும். மாட்டிய பின் தகட்டை ஊசியால் தொட்டால் ‘டிக்’ என்று புரண்டு, விட்டதும் திரும்ப வர வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் நாக்கு சரியாக உட்காரவில்லை. இப்படிச் செய்த ஸ்விட்ச் சில மாதம் நன்றாக ஓடும், அதிர்ஷ்டம் இருந்தால் இன்னும் கூட. ஆனால் களைத்த உலோகம் களைத்ததுதான். புது ஸ்விட்ச் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க இது சரியான வழி.

நிலையான தீர்வு ஸ்விட்சையே மாற்றுவதுதான். ஓம்ரான், கைல், ஹுவானோ என்று பல நிறுவனங்கள் இதே அளவில் செய்கின்றன. மூன்று கால்கள், ஒரே இடைவெளி, பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனாலும் பழைய ஸ்விட்சின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, உயரத்தையும் கால் அமைப்பையும் ஒத்துப்பார்த்த பிறகே வாங்குங்கள். இரண்டு பட்டனுக்கும் ஒரே வகை வாங்குவது நல்லது, இல்லாவிட்டால் இடதும் வலதும் வேறுவேறு விறைப்பில் இருந்து விரலை உறுத்திக்கொண்டே இருக்கும்.

பழைய ஸ்விட்சைக் கழற்றுவதுதான் கஷ்டமான கட்டம். தொழிற்சாலைகளில் இப்போது பயன்படுவது ஈயம் கலக்காத சால்டர். அது சுமார் 217 டிகிரி செல்சியஸில் உருகும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் மூன்று கால்களின் மேலும் முதலில் கொஞ்சம் ஈய சால்டரை ஊட்டிக் கலந்துவிட்டால், எல்லாம் சேர்ந்து எளிதாக உருகும். இந்த ஒரு தந்திரம் தெரியாமல்தான் பலர் பலகையைக் கருக்கிவிடுகிறார்கள். சால்டரிங் அயர்ன் 320லிருந்து 350 டிகிரிக்குள் இருந்தால் போதும். உருகியதைச் செம்புப் பின்னல் திரியாலோ உறிஞ்சு பம்பாலோ எடுத்துவிட்டு, ஸ்விட்ச் தானாக ஆடும்வரை காத்திருங்கள். ஆடாத ஸ்விட்சைக் குறட்டால் பிடித்து இழுத்தால் பலகையில் இருக்கிற செம்பு வளையமும் சேர்ந்து பிய்ந்து வரும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

புது ஸ்விட்சைப் பொருத்தும்போது அதன் பொத்தானைக் கவனியுங்கள். அது பெட்டியின் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். திருப்பி வைத்தாலும் கால்கள் துளைக்குள் போய்விடும். ஆனால் மவுஸின் பட்டன் அந்தப் பொத்தான்மேல் சரியாக விழாது, மின்னிணைப்பும் தப்பாகும். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போட்டோவில் பார்த்து அதேபோல் வையுங்கள். பலகையில் சாய்வில்லாமல் தட்டையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

புது ஸ்விட்ச் கைவசம் இல்லையா? அதே மவுஸின் வலது பட்டனில் ஒன்று இருக்கிறது. வலது கிளிக்கை நாம் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்பதால் அது கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். ஒரே வகையாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிவிடலாம். சித்தப்பாவின் மவுஸுக்கு இதைத்தான் செய்தேன். வலது கிளிக்கில் இரண்டு தடவை பதிந்தாலும் ஒரு மெனு மறுபடி வருவதோடு சரி, எதுவும் கெடாது. அவர் படங்களை அடுக்கும் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். என்னுடைய மவுஸில் இடது, வலது இரண்டையும் புதிதாகவே மாற்றினேன்.

பூட்டி முடித்ததும் வழுக்குப் பட்டைகளை உடனே ஒட்டிவிடாதீர்கள். பெயின்ட் கிறுக்கல், மெதுவாக விரலை எடுப்பது, மில்லி விநாடி எண் என்று பழைய சோதனைகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று செய்து பார்த்துவிட்டு ஒட்டுங்கள். புது ஸ்விட்சின் பொத்தான் பழையதைவிட ஒரு நூல் உயரம் குறைவாக இருந்தால், பட்டன் கொஞ்ச தூரம் காலியாக இறங்கிய பிறகே கிளிக் ஆகும். பட்டனின் அடிப்பக்கம், பொத்தான் தொடும் இடத்தில் ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டினால் அது சரியாகிவிடும். உயரம் கூடுதலாக இருந்தால் பட்டன் எப்போதும் பாதி அழுந்தியே இருக்கும். அப்போது பட்டனின் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் முனையை நகம் தேய்க்கும் அரத்தால் மிக மிகக் கொஞ்சமாக, அவ்வப்போது பூட்டிப் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும்.

அடுத்த மவுஸ் வாங்குகிறவர்கள் ஆப்டிகல் ஸ்விட்ச் இருக்கிற மாடல்களைப் பார்க்கலாம். அதில் தொடுமுனைக்குப் பதில் ஓர் அகச்சிவப்புக் கதிர் கிளிக்கை உணர்கிறது, உலோகத் துள்ளல் என்ற பேச்சே இல்லை. சாதாரண ஸ்விட்சையே சால்டர் இல்லாமல் சாக்கெட்டில் செருகி எடுக்கும்படி வரும் மவுஸ்களும் இருக்கின்றன. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான் சாக்கெட் பக்கம்தான். அடிக்கடி கெட்டுப்போகிற பாகத்தை வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம், மற்ற எல்லாம் அப்படியே ஓடும்.